பெயிண்ட் வைக்காத நான்கு நட்டுகள்

செவ்வாய்க்கிழமை காலை பால் பாக்கெட்டை வெட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் சென்னப்பாவின் பெயர். அந்த நேரத்தில் அவர் கூப்பிட்டால் ஏதோ ஸ்பேனர் காணாமல் போயிருக்கிறது என்று அர்த்தம். "என்னவே, காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டீரா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டேன். பேசியது அவருடைய மனைவி ரத்னம்மா.

"இன்ஸ்பெக்டர் சார், அவுரு போயிட்டாருங்க."

விடியும் நேரத்தில் நெஞ்சு வலிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தவர், ஆட்டோ வந்து சேர்வதற்குள் சாய்ந்துவிட்டாராம். பால் பாக்கெட்டைக் கீழே வைத்தேன். அந்த அம்மாளே தொடர்ந்தார். "ஞாயித்துக்கெழம நீங்க வந்து வண்டியப் பாப்பீங்கன்னு சொல்லிக்கினே இருந்தாருங்க. நேத்து சாயங்காலந்தான் இஞ்சின மூடினாரு."

சென்னப்பா அவர்களைத் தெரியாதவர்களுக்காகச் சில விவரங்கள். ஓசூரில் ஒரு மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையில் அவர் அசெம்பிளி பிரிவில் இருந்தார். நான் அதே இடத்தில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ரத்னம்மா இன்ஸ்பெக்டர் என்று கூப்பிடுவதைக் கேட்டு அவர்கள் தெருவில் பாதிப் பேர் இன்றுவரை என்னைப் போலீஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அசெம்பிளிக்காரர்கள் செய்வதில் குற்றம் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். நாங்கள் இருவரும் எப்படி நண்பர்களானோம் என்று மற்றவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவன். வந்த முதல் மாதமே அவருடைய ஒரு லாட் சாமான் முழுவதையும் திருப்பி அனுப்பினேன். சண்டைக்கு வருவார் என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு காத்திருந்தேன். வந்தார், நான் குறை எழுதி மாட்டிய சிவப்பு அட்டையைப் படித்தார், "ஹோக்லி பிடி சார்" என்று சொல்லிவிட்டுத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். என்னமோ திட்டிவிட்டுப் போகிறார் என்று அன்று முழுவதும் பொருமினேன். போகட்டும் விடுங்க என்பதைத்தான் கன்னடத்தில் சொன்னார் என்று கேன்டீனில் ஒருவர் விளக்கினார். அவருக்கு வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், மனம் சலித்தால் கன்னடம். என்னுடைய 'வே' திட்டா செல்லமா என்று அவர் கண்டுபிடிக்க அதற்கு மேலும் சில மாதம் ஆனது. கணக்கு சரியாகிவிட்டது.

இருபத்திரண்டு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். அவ்வளவு காலத்திலும் அவருடைய வேலைக்கு முதல் பார்வையிலேயே நான் ஓகே சொன்னது கிடையாது. ஒரு பிசிறையாவது, ஒரு கீறலையாவது கண்டுபிடித்துவிடுவேன். "சார், சாகறதுக்குள்ள ஒரே ஒரு தபா மொத தடவையிலயே ஓகே சொல்லுங்க சார்" என்பார். "அதுக்குத் தகுந்த மாதிரி வேலை செய்யும்வே" என்பேன். எத்தனை திமிர் எனக்கு!

ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தபோது அவரும் ரத்னம்மாவும் குந்தாரப்பள்ளி சந்தைக்கு ஆடு வாங்கப் போனார்கள். வியாபாரி ஆடுகளைக் கட்டி வைத்திருந்தது ஒரு பழைய மோட்டார் சைக்கிளில். பச்சை பெயிண்ட் உரிந்து, இரண்டு சைலென்சரும் துருப்பிடித்து, கிக்கரையே மடக்கி கியராகப் பயன்படுத்தும் அந்தக் காலத்து இரண்டு ஸ்ட்ரோக் வண்டி. சென்னப்பாவின் கண்ணுக்கு ஆடு தெரியவில்லை. பிறகு நடந்ததை ரத்னம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்: "நா ஒரு டீ குடிச்சிட்டு வரதுக்குள்ள ஆடு வண்டியா மாறிப்போச்சுங்க."

அந்த அம்மாள் சத்தம் போடவில்லை. ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். "இதே வண்டியில என்ன பின்னால குந்த வெச்சி, இதே சந்தைக்கு இட்டுனு வந்து, ஆடு வாங்கித் தரணும். அதுவரைக்கும் இந்த வண்டியப் பத்தி எங்கிட்டப் பேசக்கூடாது." சென்னப்பா தலையில் அடித்து சத்தியம் செய்தார். தன் தலையில்தான்.

மறுநாள் என்னிடம் வந்து, "நா இஞ்சின் கட்டறன். நீங்க வந்து குத்தம் சொல்லணும் சார். நீங்க சொல்லாட்டி எனக்கு வேல ஓடாது" என்றார். ஞாயிறுதோறும் அவர் வீட்டு முருங்கை மரத்தடியில் எனக்கு ஒரு நாற்காலி போடப்பட்டது.

பிஸ்டன் சிலிண்டருக்குள் துருவேறி இறுகிக் கிடந்தது. சைலென்சருக்குள் குளவிக் கூடு. சுத்தியலை எடும் என்றேன் நான். அவர் கேட்கவில்லை. பிளக் ஓட்டை வழியாக டீசல் ஊற்றி, தினமும் ஷிஃப்டுக்குப் போகும்முன் கிக்கரை மெதுவாக ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பார். "கோவிச்சிக்கினு ஒக்காந்திருக்குது சார். அதட்டினா வராது." ஒன்பதாம் நாள் என்னை மெஷின் சத்தத்துக்கு நடுவில் தேடி வந்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு நூலளவு காட்டினார். அசைந்துவிட்டது! அன்று கேன்டீனில் எனக்கு அவர் செலவில் இரண்டு போண்டா.

கழற்றிய சாமான்களை அவர் வைத்தது ரத்னம்மாவின் டிபன் கேரியரில். மேல் அடுக்கில் கார்புரேட்டர், நடுவில் பிஸ்டன் பின்னும் லாக்குகளும், கீழே கிளட்ச். கலந்துவிடாமல் இருக்க அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்று நானே ஒப்புக்கொண்டேன். ஒருநாள் காலை அவசரத்தில் அதுவும் சாப்பாட்டுக் கேரியரும் மாறிவிட்டன. மதியம் கேன்டீனில் அடுக்கைத் திறந்தால் மண்ணெண்ணெயில் ஊறிய கார்புரேட்டர். "இன்னா சென்னப்பா, வூட்ல சண்டையா?" என்று மேசையே சிரித்தது. அதே நேரத்தில் வீட்டில், இஞ்சின் பக்கத்தில், களியும் கீரைக் குழம்பும் ஆறிக்கொண்டிருந்தன. அவர் என் சாப்பாட்டில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, உப்பு கம்மி என்று குறை சொன்னார். அந்த விஷயத்தில் மட்டும் அவர் இன்ஸ்பெக்டர்.

கிராங்க்குக்கு வேண்டிய பேரிங்கும் ஆயில் சீலும் ஓசூரில் கிடைக்கவில்லை. ஜூஜுவாடி எல்லை தாண்டி அத்திபெலேயில் ஒரு பழைய கடையில் கன்னடத்தில் கதை பேசிப் பேசி வாங்கி வந்தார். ஓய்வு பெற்று நான்காவது மாதம் இஞ்சின் முழுசாகக் கூடியது.

இங்கேதான் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு தப்பு செய்தோம். தொழிற்சாலையில் வேலை பார்க்காத எவனும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. நட்டைச் சரியான அளவுக்கு முடுக்கியதும் அதன் மேல் மஞ்சள் பெயிண்டால் ஒரு பொட்டு வைக்க வேண்டும். பொட்டு இருந்தால் முடுக்கியாகிவிட்டது என்று பொருள். சென்னப்பா வீட்டிலும் அதே மாதிரி பெயிண்ட் டப்பா வைத்திருந்தார். சிலிண்டரை மூடுகிற ஹெட்டுக்கு நான்கு நட்டு. இரண்டை முடுக்கியிருக்கிறார். வெயிலில் பெயிண்ட் காய்ந்துவிடுமே என்று நான்குக்கும் பொட்டு வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ரத்னம்மா சாப்பிடக் கூப்பிட்டார். திரும்பி வந்து பார்த்தார், நான்கிலும் பொட்டு இருந்தது. முடிந்ததாக எண்ணிவிட்டார். பிறகு நான் வந்தேன். குனிந்து பார்த்தேன். நான்கு பொட்டும் அழகாக இருந்தன. ஸ்பேனரைத் தொடவே இல்லை.

"ஓகேவே," என்றேன்.

இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. மனிதர் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த சந்தை நாளில் ரத்னம்மா பண்டிகைப் புடவை கட்டி, ஆட்டுக்கென்று ஒரு புதுக் கயிற்றைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, பின்னால் ஏறி உட்கார்ந்தார். நான் என் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தேன். சூளகிரி வரை ராஜா மாதிரி போனார்கள். பிறகு 'புஸ்' என்று ஒரு சத்தம். வண்டி இருமியது, இழுத்தது, நின்றே விட்டது. குனிந்து பார்த்தால் ஹெட்டின் இரண்டு நட்டு விரலாலேயே சுழல்கிறது. கேஸ்கெட் போய், சூடேறி, பிஸ்டன் மறுபடி இறுகிவிட்டது. நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"இன்னா, ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கினு?" என்றார் ரத்னம்மா.

காலியாகத் திரும்பிய ஒரு தக்காளி வண்டியில் ஏற்றினோம். சாயாமல் கட்ட டிரைவரிடம் கயிறு இல்லை. ரத்னம்மா பைக்குள் கைவிட்டு அந்தப் புதுக் கயிற்றை எடுத்து நீட்டினார். "ஆட்டுக்குன்னு கொண்டாந்தன். கட்டுங்க." ஓசூர் வரும்வரை முன்சீட்டில் உட்கார்ந்து அந்த அம்மாள் விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார்.

நான் இரண்டு ஞாயிறு அந்தப் பக்கம் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? மூன்றாம் ஞாயிறு அவரே டிபன் கேரியரோடு என் வீட்டு வாசலில் நின்றார். இந்தத் தடவை உள்ளே களிதான்.

"ஹோக்லி பிடி சார். லூசா இருந்தது ரெண்டு நட்டு. உங்க பேர்ல ஒண்ணு, எம்பேர்ல ஒண்ணு. சரியாப் போச்சு." சாப்பிட்டு முடித்ததும் சொன்னார்: "திருப்பியும் கட்டப்போறன். ஆனா இந்தத் தபா நா பெயிண்ட் வெக்கமாட்டன். நா முடுக்கறன். நீங்க ஸ்பேனர் போட்டுப் பாத்து, உங்க கையால வெய்ங்க."

சிலிண்டரைக் கடைந்து, புதுப் பிஸ்டன் போட்டு, அவர் இஞ்சினை மூடிய திங்கட்கிழமைக்கும் நான் போகவேண்டிய ஞாயிற்றுக்கிழமைக்கும் நடுவில்தான் அந்தச் செவ்வாய் வந்துவிட்டது.

காரியம் முடிந்த மறுநாள் ரத்னம்மா கூப்பிட்டார். "அவுரு உங்களுக்காக வெச்சிட்டுப் போன வேல அப்படியே கெடக்குது சார்." நான் நட்டின் இறுக்கத்தை அளக்கும் என் டார்க் ரென்ச்சையும் ஒரு புது மஞ்சள் பெயிண்ட் டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனேன். நாற்காலி முருங்கை மரத்தடியிலேயே இருந்தது. நான்கு நட்டும் பொட்டில்லாமல் பளிச்சென்று இருந்தன. மனதுக்குள் ஒரே பயம். ஒரு நட்டு, ஒரே ஒரு நட்டு அசைந்தாலும் இந்த அம்மாளிடம் என்ன சொல்வேன்? நான் தயங்குவதை அவர் கவனித்துவிட்டார்.

"லூசா இருந்தா லூசுன்னு சொல்லுங்க சார். அவுருக்காகப் பொய் சொல்லாதீங்க. அவுரு ஒத்துக்கமாட்டாரு."

சரியான அளவில் இறுகிய நட்டு டார்க் ரென்ச்சில் நகராது. 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். முதல் நட்டில் வைத்து இழுத்தேன். டக். குறுக்கே எதிர்ப்பக்கம். டக். அவர் முடுக்கும்போது தெலுங்கில் எண்ணுவார். எனக்கு அவ்வளவுதான் தெலுங்கு தெரியும். ஒகட்டி, ரெண்டு, மூடு. மூன்றாவதும் டக். நான்காவதற்கு என் கை வழுக்கியது. வேட்டியில் துடைத்துக்கொண்டு இழுத்தேன்.

நாலுகு. டக்.

நான் அழுதேன். சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. நான்குக்கும் பொட்டு வைத்தேன். மூன்றாவது பொட்டு கொஞ்சம் வழிந்துவிட்டது. தொழிற்சாலையில் யாராவது அப்படி வைத்திருந்தால் சிவப்பு அட்டை எழுதியிருப்பேன்.

பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றி, நடு ஸ்டாண்டில் நிறுத்தி, கிக்கரை உதைத்தேன். நான்காவது உதையில் வண்டி பிடித்தது. முருங்கை மரத்தை மறைக்கிற அளவு புகை. கோழிகள் பறந்தன. எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ரத்னம்மா உள்ளே போய் அந்தக் கயிற்றை எடுத்து வந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சந்தைக்குப் புறப்பட்ட அன்று போலவே, பின்சீட்டில் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தார். முன்சீட்டு காலியாக இருந்தது. கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு, இஞ்சின் சூடேறும்வரை இறங்காமல் அப்படியே இருந்தார்.

இறங்கியதும் சொன்னார்: "வர சந்தைக்கு நா பஸ்ஸில போயி ஆடு வாங்கினு வரன் சார். இந்த வண்டியிலதான் கட்டுவன். அவுரு வந்து கேக்கட்டும்."

பழைய வண்டியில் ஆடு கட்டினால் என்னென்ன கெடும் என்று எனக்கு ஒரு பட்டியலே தெரியும். "கட்டுங்கம்மா," என்றேன்.

சென்னப்பா, முதல் தடவையிலேயே ஓகே. சொல்லத்தான் இத்தனை வருடம் ஆகிவிட்டது. ஹோக்லி பிடி, வே. போயிட்டு வாரும்.