தலையைத் தட்டிப் பார்த்தவர்

அன்று கீரமங்கலம் மண்டபத்தில் இருந்தது யோகா மாஸ்டர், தேங்காய் வியாபாரி, ரிட்டயர்டான டீச்சர், நான். வயதானாலும் மூளை மங்காமலிருக்க மாஸ்டர் தியானம் சொல்லித் தந்தார். சாயம் பூசிய மீசை, எழுபதிலும் வளையாத முதுகு. விருந்து வைத்து மொய் வாங்கி, கொடுத்தவர் விருந்தில் அதைத் திருப்பிச் செய்யும் ஊர் எங்களது; தன் விருந்தில் யார் எவ்வளவு மொய் செய்தார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். நாங்கள் கண்ணை மூடியதும் தேங்காயைத் தட்டுவதுபோலத் தலையைத் தட்டிப் பார்ப்பார்.

"எங்கப்பா கடைசியில என்னையவே யாருன்னு கேட்டாருங்க. எனக்கும் அப்படி ஆயிருமோன்னு பயமா இருக்கு" என்றேன்.

தட்டினார். "என் மொய் விருந்துக்கு எவ்வளவு செஞ்சீங்க?"

"ரெண்டாயிரங்க."

"செய்யவே இல்லையே! அப்பாவோடது ஒங்களுக்கும் ஆரம்பிச்சிருச்சு."

டீச்சர்கூடச் சிரித்தார். கொடுத்ததாகத்தான் நினைவு, அந்த நினைவையே நம்ப முடியவில்லை. மறுநாள் இன்னொரு இரண்டாயிரம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வாங்கி மடியில் சொருகிக்கொண்டார். "முன்னாடியே செஞ்சுட்டீங்க. சும்மா சோதிச்சேன்."

"அப்ப இதத் திருப்பிக் குடுத்துருங்க."

"மொய்யா வாங்குனத யாராச்சும் கையோட திருப்புவாங்களா? ஒங்க வீட்டு விருந்துல செய்யிறேன்."

விருந்து வைக்கும்வரை எனக்கு நினைவிருக்குமா என்ற பயத்தில் இன்னும் அவரிடமே தியானத்துக்குப் போகிறேன். எனக்கு வர வேண்டியது நாலாயிரம்.