நீல உதடு

கல்லூரியில் படிக்கும் என் மகன்மீது நாலு வாரமாகவே எனக்குச் சந்தேகம். குழம்பைத் தொடமாட்டான், தயிர்ச்சோறுதான். பேசும்போது வாயைக் கையால் மறைப்பான். அந்தச் சனிக்கிழமை, கல்வராயன் மலையில் நண்பன் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிப் போனவன், உதடெல்லாம் நீலமாகத் திரும்பி வந்தான். மலைச் சாராயம் என்றாலே கள்ளக்குறிச்சியில் பெற்றவர்களுக்கு உயிர் பதறும். "இன்னாத்தடா குடிச்ச?" என்று கேட்டபடியே கன்னத்தில் அறைந்துவிட்டேன்.

வலியில் சுருண்டு உட்கார்ந்தான். "குடிக்கலம்மா. பல் டாக்டர்கிட்ட போய்க்கினு இருக்கேன். கன்னத்துக்கு உள்ள புண்ணு. நீல மருந்து தடவி செவப்பு லைட்டு காட்டுறாங்க. லைட்டு பட்டாத்தான் மருந்து வேலை செய்யுமாம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, பாக்கு போட்டியான்னு கேப்ப."

கேட்டிருப்பேன். அந்த நொடியிலும் அந்தக் கேள்விதான் என் நுனிநாக்கில் நின்றது.

செல்போன் டார்ச்சை அடித்து வாயைத் திறக்கச் சொன்னேன். உள்ளே, வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே தோலுரிந்த புண். வெளியே, அதே இடத்தில் என் ஐந்து விரல்களும் பதிந்திருந்தன.

புண் இப்போது ஆறி வருகிறது. ஆனால் என் முன்னால் சிரிக்கும்போது இன்னமும் வாயைக் கையால் மூடிக்கொள்கிறான்.