மானுக்கு நாலு பரப்பு

அத்தானுக்கு நான் கனடாவில் பிடித்துக் கொடுத்த முதல் வேலை மான்களுக்குத் தோட்டம் செய்வது. சம்பளம் கிடையாது.

தொண்ணூறுகளின் பின்பாதியில் அக்காவும் அத்தானும் வந்து அஜின்கோர்ட்டில் என்னுடைய எட்டாம் மாடி அப்பார்ட்மென்டில் என்னோடு இருந்தார்கள். அத்தான் ஊரில் தோட்டக்காரர். முட்டைக்கோவா, கரட், வெங்காயம் என்று வருடம் முழுவதும் மண்ணில் நின்றவர். இங்கே வந்த முதல் கோடையில் பெயின்ற் வாளிகளில் மண் நிரப்பி பல்கனியில் மிளகாய் வைத்தார். காய் பிடிக்கிற நேரம் கட்டடத்து மனேஜர் வந்து, கீழ்வீட்டுப் பல்கனிக்குத் தண்ணீர் வடிகிறது, எல்லாவற்றையும் எடு என்றார். அத்தான் ஒரு வார்த்தை பேசாமல் வாளிகளைக் கீழே கொண்டுபோய்க் கொட்டினார். அதற்குப் பிறகு வீட்டிலும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். சோபாவில் இருந்து காலநிலைச் சானலை மட்டும் பார்ப்பார். விளங்காத மொழியில் எந்த ஊரிலோ பெய்யும் மழையை மணிக்கணக்காகப் பார்க்கிற ஒருவரோடு ஒரே வீட்டில் இருப்பது லேசான காரியம் இல்லை.

அக்கா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள். "மண்ணில்லாட்டி இந்த மனிசனுக்கு விசர் பிடிச்சிடும். எங்கையாவது ஒரு துண்டுக் காணி கிடைக்குதோ பார் தம்பி."

நான் வேலை செய்த பெட்டித் தொழிற்சாலையில் எங்கள் போர்மன் ஒரு வெள்ளைக்காரர். ஒஷாவாவுக்கு வடக்கே அவருக்குப் பற்றைக்காணி இருந்தது. வீட்டுக்குக் கீழே சரிவு, சரிவின் அடியில் ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் யாரும் கை வைக்காத நிலம். அதில் கால் ஏக்கரைத் திருத்திப் புல்லும் கிழங்கும் விதைத்தால் மான்கள் வந்து மேயும், சமையலறை ஜன்னலால் மனைவி பார்ப்பாள் என்பது அவருடைய ஆசை. ஓடைக்கு மேலே இருந்தது இரண்டு பலகை போட்ட பாலம். டிராக்டர் போகாது. அவருக்கோ முழங்காலில் ஒப்பரேசன் செய்திருந்தது. சரிவிலேயே இறங்க மாட்டார். நான் அத்தானைப் பற்றிச் சொன்னேன். போர்மன் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை சொன்னார். அக்டோபரில் தாங்க்ஸ்கிவிங் பண்டிகைக்குப் பிள்ளைகள் வரும்போது மான் அந்த நிலத்தில் மேய வேண்டும். மேய்ந்தால், வீட்டுப் பக்கத்து மேட்டு நிலத்தில் அடுத்த வசந்தம் முதல் அத்தான் விரும்பியதைப் பயிரிடலாம். இல்லாவிட்டால் அதைப் பக்கத்துக் காணிக்காரர் குதிரை விடக் கேட்டிருக்கிறார், அவருக்குத்தான்.

அத்தானிடம் சொன்னேன். டீவியை நிற்பாட்டினார்.

"மானுக்குத் தோட்டமோ? சுடுறதுக்கோ?"

"இல்லை அத்தான். பாக்கிறதுக்கு."

"பாக்கிறதுக்கு ஒரு தோட்டம்," என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். "கால் ஏக்கரெண்டால் நாலு பரப்பு. செய்யலாம்."

மே மாதக் கடைசியில் தொடங்கினோம். காரும் இங்கிலிசும் என்னிடம் இருந்தன, வேறு தகுதி எதுவும் எனக்கு இல்லை. சனிக்கிழமைகளில் நல்ல நித்திரையை விட்டுவிட்டு 401 நெடுஞ்சாலையில் ஒரு மணித்தியாலம் ஓட்டுவேன். அக்கா கட்டித் தந்த புட்டுப் பார்சல் பின்சீற்றில் மணக்கும். கடைகளில் இருந்த மண்வெட்டிகளை அத்தான் விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கிவிட்டார். கடைசியில் போர்த்துக்கீசர் ஒருவரின் கடையில் அகன்ற தகடு போட்ட ஒன்றைக் கண்டுபிடித்தார். பிடி நீளம் என்று அங்கேயே வாள் கேட்டு அறுத்தார்.

முதலில் பற்றை வெட்டினோம். பிறகு புல். இடுப்பளவு நின்ற புல்லை அரிந்து ஒதுக்கினால் அதன் கீழே வேர்கள் பாய் பின்னியதுபோல் கிடந்தன. ஓடை பக்கத்தில் என்பதால் மருந்து அடிக்கக் கூடாது என்று போர்மன் சொல்லியிருந்தார். ஆகவே அத்தான் அந்தப் பாயைத் துண்டு துண்டாகக் கொத்தி, வேர் வெயிலைப் பார்க்கும்படி கவிழ்த்துப் போட்டார். நான் கல் பொறுக்கினேன். கனடாவின் கல்லெல்லாம் அந்த நாலு பரப்புக்குள்தான் இருந்தது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். நுளம்புக் கடி ஒரு பக்கம், முதுகு வலி ஒரு பக்கம். மண் புளித்த மண், சுண்ணாம்புத் தூள் போட வேண்டும் என்று போர்மன் பத்து மூட்டை வாங்கி வைத்திருந்தார். சுண்ணாம்புக் கல்லுக்கு மேலேயே பிறந்து வளர்ந்த நாங்கள் இரண்டு பேரும் அதைத் தோளில் வைத்துப் பாலம் கடந்தோம். அத்தான் அன்றைக்குத்தான் கனடாவில் முதல் தடவையாகச் சத்தமாகச் சிரித்தார்.

ஓகஸ்டில் குளோவர்ப் புல்லும் ஓட்ஸும் டேர்னிப்பும் விதைத்தோம். மண்ணை மூட ஒரு மரக்கிளையை இழுத்துக்கொண்டு மேலும் கீழும் நடந்தோம். மறுநாள் மழை பெய்தது. வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை அத்தான் ஓடைக்கரையில் கம்புகள் வெட்டத் தொடங்கினார். வேலிக்கு நடுகிற கம்பை நாங்கள் கதியால் என்போம். அவர் வெட்டியது கதியால்.

"என்ன அத்தான் செய்யிறீங்கள்?"

"விதை போட்டால் வேலி அடைக்க வேணும்."

"மான் வந்து தின்னத்தானே விதைச்சது!"

"முளை வரேக்கையே வந்து மேஞ்சால் ஒண்டும் மிஞ்சாது. வளர்ந்தாப் பிறகு திறந்து விடுவம்."

நியாயமான கதைதான். நானும் கம்பு பிடித்துக் கொடுத்தேன். வெட்டி ஒதுக்கிய பற்றை முழுவதையும் வேலியாக அடைத்தார். தலைக்கு மேலே உயரம், இடுக்கில் ஒரு வெளிச்சம் தெரியாத அடைப்பு. மான் பாயாதோ என்று கேட்டேன். உள்ளுக்கு என்ன கிடக்கு என்று தெரியாமல் ஒரு மிருகமும் பாயாது என்றார். ஜன்னலால் வேலியைக் கண்டு போர்மனின் மனைவி கேட்டாளாம். முளைக்கும் வரைதான் என்று நான் சமாளித்தேன்.

செப்டம்பர் நடுவில் பயிர் கணுக்காலுக்கு மேலே நின்றது. திறப்போமா என்றேன். இன்னும் ஒரு கிழமை என்றார். அடுத்த கிழமை, டேர்னிப்புக்குக் கிழங்கு வைக்கட்டும் என்றார். அதற்கடுத்த கிழமை ஒரு காரணமும் சொல்லவில்லை. உள்ளே போய்க் களை பிடுங்கினார். மானுக்கு விதைத்த புல்லுக்குள் புல் பிடுங்கிய ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். வேலிக்கு வெளியே ஈரமண்ணில் குளம்படிகள் சுற்றிச் சுற்றிக் கிடந்தன. கதியால்களில் ஒன்றிரண்டு துளிர்த்தும் விட்டன.

தாங்க்ஸ்கிவிங்குக்கு ஒரு கிழமை இருக்கும்போது போர்மன் என்னைத் தனியே கூப்பிட்டார். ஒரு மானையும் காணவில்லை, குதிரைக்காரர் பதில் கேட்கிறார் என்றார். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்தச் சனிக்கிழமை பின்னேரம் பாலம் கடந்ததும் நான் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை.

"உங்களுக்குக் காணி வேணுமோ வேண்டாமோ? நாலு மாசம் நான் கல்லுப் பொறுக்கினது இந்த வேலியைப் பாத்துக்கொண்டு இருக்கவோ? நீங்கள் திறக்காட்டி நான் பிய்ச்சு எறியிறன்."

சொன்னபடி ஒரு கதியாலைப் பிடித்து ஆட்டினேன். அது அசையவில்லை.

"விடு. நீ பிய்க்காதை," என்றார். "நான் திறக்கிறன்."

பெட்டி கட்டுகிற நைலோன் கயிற்றால்தான் வேலியைக் கட்டியிருந்தார். ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துக் கயிற்றைச் சுருட்டிப் பொக்கற்றுக்குள் வைத்தார். நான்கு பக்கமும் வண்டில் போகிற அளவுக்கு வழி விட்டார். ஒரு மணித்தியாலம் பிடித்தது. பிறகு பாலத்துப் பலகையில் வந்து குந்தினார்.

"அண்டைக்கும் நான்தான் திறந்து விட்டனான்."

"எண்டைக்கு?"

"ஊரை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு. உன்ரை அக்காவை றோட்டில நிக்கச் சொல்லிப்போட்டுத் திரும்பிப் போனனான். மாட்டை அவிட்டுவிட்டு, தோட்டத்துப் படலையையும் திறந்து விட்டனான். பாத்தி நிறையக் கோவா. மாடாவது தின்னட்டும் எண்டு."

ஒரே வீட்டில் ஒன்றரை வருடம் இருந்தும் இது எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது என்று பிறகு அறிந்தேன். சற்று முன் நான் கத்திய கத்தலை நினைக்க வெட்கமாக இருந்தது.

"பிறகு?" என்றேன்.

"பிறகென்ன. நிண்டு பாக்க நேரமில்லை. ஷெல் விழுந்துகொண்டிருந்தது. தின்னிச்சுதோ இல்லையோ தெரியாது." ஓடையைப் பார்த்தார். "இண்டைக்கு நிண்டு பாத்திட்டுப் போவம்."

ஓடைக்கு இந்தப் பக்கம் காற்றுக்கு மறைவான இடத்தில் இருந்தோம். குளிர் ஏறியது. ஆறிப்போன புட்டைச் சாப்பிட்டோம். வெயில் மரங்களுக்குப் பின்னால் இறங்கிய நேரம் ஒரு பெண்மான் வழியில் வந்து நின்றது. உள்ளே பார்த்தது, காதை அசைத்தது, திரும்பிப் போய்விட்டது. அத்தான் மூச்சு விடவில்லை. கொஞ்ச நேரத்தில் அதுவே இரண்டு குட்டிகளோடு வந்து நேரே உள்ளே போய்க் குனிந்தது. இலை கடிபடும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

"நல்லாத் தின்னுதுகள்," என்றார் அத்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

தாங்க்ஸ்கிவிங் முடிந்த செவ்வாய்க்கிழமை போர்மன் வேலையிடத்தில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மனைவி பிள்ளைகளையெல்லாம் ஜன்னலுக்குக் கூப்பிட்டாளாம். மேட்டு நிலம் அத்தானுக்கு, குதிரைக்காரருக்கு இல்லையென்று சொல்லியாயிற்று என்றார். வீட்டுக்கு ஓடி வந்து வாசலிலிருந்தே அத்தானிடம் சொன்னேன். அக்கா கைதட்டினாள்.

அத்தான் "ஓம்" என்றார். பிறகு, "எத்தினை வந்ததாம் எண்டு கேட்டனியோ?" என்றார்.