லாச்சப்பலில் ஒரு வெள்ளிக்கிழமை மெக்சிக்கோச் சாப்பாடு

இதை ஒருவரும் நம்பப்போவதில்லை. என் மீசைமேல் ஆணையாக அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். சென்ற மாசி மாதம் லண்டனிலிருந்து பாரிசுக்குப் படையெடுத்தேன். படையில் நான் ஒருவன்தான். ஆயுதம் ஓர் அகப்பை.

காரணம், தங்கையின் மகள் தர்சிகா. மெக்சிக்கோவில் ஆறு மாத ஸ்தாஜ், அதாவது படிப்போடு சேர்ந்த வேலைப் பயிற்சி, அவளுக்குக் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதில் அனுப்ப வேண்டும். அப்பா ஓம் சொல்லாமல் போகமாட்டேன் என்றாள் அவள். வெள்ளியில் மரக்கறி மட்டும் சாப்பிடும் பிள்ளை அங்கே எதைத் தின்னும் என்றார் அப்பா, அதாவது என் மச்சான். அவரைப் பொறுத்தவரை புட்டு அவியாத நாடு நாடே அல்ல. அந்த வெள்ளிக் காலையிலேயே மெக்சிக்கோச் சாப்பாடு போட்டு அவரைச் சம்மதிக்கவைப்பேன் என்று தொலைபேசியில் சபதம் செய்தேன்.

லண்டனிலிருந்து கார் து நோர் நிலையத்துக்கு ரயிலில் இரண்டே கால் மணி நேரம். அங்கிருந்து, தங்கை வசிக்கும் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலுக்கு டாக்சி பிடிக்காதீர்கள். ரூ து ஃபொபூர் சேன்-தெனி வழியே நடந்தால் பத்து நிமிடம். சோள ரொட்டியான தோர்த்தியா பெரிய சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும். மிளகாய்க்கு நம் கடைகள்தான்.

"தம்பி, மெக்சிக்கோச் செத்தல் மிளகாய் இருக்கோ?"

"அண்ணை, செத்தல் எந்த நாட்டிலை செத்தால் என்ன? இதைக் கொண்டுபோங்கோ."

மறுநாள் காலை தங்கை வீட்டு அடுப்பில் நான் மிளகாய் வறுத்த புகையில், மேம்பாலத்தில் போன இரண்டாம் இலக்க மெத்ரோ ரயில் மூன்று முறை தும்மியது. தோர்த்தியாவைத் துண்டாக்கிப் பொரித்து, தக்காளியும் மிளகாயும் அரைத்த குழம்பில் புரட்டினேன். இதன் பெயர் சிலாகிலெஸ். பக்கத்தில் மசித்த கறுத்த பீன்ஸ். மேலே வைக்க முட்டையும் பொரித்தேன். லண்டனில் என் வீட்டில் முட்டை எப்போதோ மரக்கறியாகிவிட்டது. தங்கை வந்து எட்டிப் பார்த்தாள்.

"அண்ணை! இண்டைக்கு வெள்ளியெல்லோ! அதுவும் என்ரை மரக்கறிச் சட்டியிலை முட்டை! உங்களை ஆர் குசினிக்குள்ளை விட்டது?"

"முட்டை என்ன, மீனோ இறைச்சியோ?"

"அவர் மணத்திலேயே எழும்பிப் போயிடுவார்!"

"மே நோன், மாமா!" பிரெஞ்சில் 'ஐயோ, இல்லை' என்று தர்சிகா அழும் நிலைக்கு வந்துவிட்டாள். "அப்பா குளிச்சு முடிக்கப்போறார்!"

முட்டையைத் திருப்பிய அகப்பையால்தான் குழம்பையும் கிண்டியிருந்தேன். ஆகவே எல்லாம் போச்சு. ஆனால் தோல்வி என்ற சொல்லை எங்கள் குடும்பம் ஏழு தலைமுறைக்கு முன்பே கடலில் எறிந்துவிட்டது. தங்கை நீட்டிய பால் சட்டியில், மிஞ்சிய அரைக்கட்டு தோர்த்தியாவோடு மறுபடி தொடங்கினேன். தர்சிகா தக்காளி அரைத்தாள். தங்கை திட்டிக்கொண்டே குழம்பில் பிழியத் தேசிக்காய் வெட்டினாள்.

மச்சான் திருநீற்றோடு வந்து அமர்ந்தார். தொழிலில் உணவகச் சமையல்காரரான அவர் தட்டைப் பார்த்த பார்வையில் என் மீசை நரைத்தது.

"இதென்ன, பழைய ரொட்டியைச் சம்பலுக்குள்ளை போட்டிருக்கு?"

"ஓம் மச்சான். முதல்நாள் மிஞ்சிற ரொட்டியிலை அவையள் செய்யிறதே இதுதான்."

"எறியிறேல்லையோ?"

"இல்லை, அப்பா," என்றாள் தர்சிகா.

"ம்." ஒரு துண்டை எடுத்தார்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். மச்சான் நாற்பது தட்டு உண்டார். ஐஃபல் கோபுரம் ஏப்பம் விட்டது. மெக்சிக்கோத் தூதர் வெறுங்காலோடு ஓடிவந்து என் அகப்பையை முத்தமிட்டார்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: பொரித்த துண்டுகளைப் பரிமாறும் நேரத்தில்தான் குழம்பில் போடுங்கள், இல்லாவிட்டால் களியாகிவிடும். யார் வீட்டிலும் சட்டியைத் தொடுமுன் கிழமையையும், அங்கே முட்டை மரக்கறியா என்பதையும் கேளுங்கள்.

தும்மிய மெத்ரோ, தூதர், நாற்பது தட்டு எல்லாம் புளுகு. சின்னதாய் ஒன்று மட்டும் உண்மை. மச்சான் தட்டை விரலால் வழித்துவிட்டு, மகளை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்: "அங்கை குளிர் எப்பிடி? உன்ரை பழைய ஜக்கெட் போதுமோ?"