கம்பெனிக் கட்டை எரிந்த அடுப்பு

எங்கள் அடுப்பில் எரிந்த தீயின் ஓரத்தில் மெல்லிய பச்சை நிறம் இருக்கும். அதோடு, சோறு கொதிக்கிற வாசனைக்கு முன்னதாகவே மருந்துக்கடைக் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அப்படியொரு நெடி வந்து மூக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எல்லார் வீட்டு நெருப்பும் அப்படித்தான் இருக்கும் என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். பள்ளியில் ஒரு நாள் நெருப்பை வரையச் சொன்னபோது நான் ஓரத்தில் பச்சை அடிக்க, டீச்சர் அதை அழித்துவிட்டு மஞ்சள் அடிக்கச் சொன்னார். நான்தான் தப்பாகப் பார்த்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பச்சைக்குக் காரணம் "கம்பெனிக் கட்டை". ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஏழு லைன் வீடுகளில் மூன்றாவது எங்களுடையது. அப்பா அரூர்ப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்தவர். பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருந்த ஒரு தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் "டெம்பரவரி"யாக இருந்தார். வெளிநாட்டிலிருந்து இயந்திரங்கள் பெரிய மரப்பெட்டிகளில் வந்து இறங்கும், பெட்டியைப் பிரித்த பிறகு பலகைகள் மலையாகக் குவியும். கரையான் ஏறாமலிருக்க அவற்றுக்கு ஏதோ மருந்து ஏற்றியிருப்பார்கள்; பலகையின் மேலேயே லேசாகப் பச்சை படிந்திருக்கும். மேல்நோக்கிய அம்புக்குறியும் கண்ணாடிக் கோப்பைப் படமும் அச்சடித்த அந்தப் பலகைகளில் நாலைந்தை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஆட்கள் ஷிப்ட் முடிந்து வருவார்கள். முறைப்படி அதற்கு "கேட் பாஸ்" வேண்டும். அடுப்பு விறகுக்கு எவன் கேட் பாஸ் எழுதுவான்? செக்யூரிட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான். இந்த விலாசத்துக்கு ரேஷன் கார்டு இல்லாத எங்களுக்கு கேஸ் கனெக்‌ஷன் என்பது பேச்சளவில்கூடக் கிடையாது. ஆகவே ஏழு வீட்டிலும் தைலமரச் சுள்ளியும் கம்பெனிக் கட்டையும்தான்.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம், கண்ணாடியில் "இந்திய அரசுப் பணி" என்று எழுதி ஒட்டிய ஜீப் ஒன்று எங்கள் வரிசை முன்னால் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் ஷைலஜா மேடம். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தார். கன்னடம் கலந்த தமிழில் நிதானமாகப் பேசுவார். விறகு குறைவாகத் தின்று புகையும் குறைவாக விடுகிற அடுப்பு ஒன்றை அவர்கள் உருவாக்கியிருப்பதாகவும், அதை வீடுகளில் வைத்துச் சோதிக்க அரசாங்கம் நிதி கொடுத்திருப்பதாகவும் சொன்னார். முதல் வாரம் பழைய அடுப்பிலேயே சமைக்க வேண்டும், தினமும் காலையும் மாலையும் விறகைத் தராசில் தொங்கவிட்டு எடையை எழுத வேண்டும். பிறகு புது அடுப்பு வரும், அதிலும் ஒரு மாதம் அப்படியே எழுத வேண்டும். அடுப்பு நமக்கே சொந்தம், காசு வேண்டாம் என்றார்.

காசு வேண்டாம் என்ற இடத்தில்தான் ஏழு வீட்டுக்கும் சந்தேகம் முளைத்தது. பக்கத்து வீட்டு ரத்னம்மா பாகலூர்ப் பக்கத்து ஆள், வீட்டில் தெலுங்கு, வாசலில் கன்னடம், எங்களிடம் தமிழ். அவர் என் அம்மாவின் காதருகே வந்து, "அடுப்ப இன்னிக்கு சும்மா குடுத்துட்டு நாளைக்கு எதக் கேக்கப் போறாங்களோ" என்றார். ஆனாலும் யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. தராசின் முள்ளைப் பார்த்துப் படிக்கத் தெரியும் என்பதால் எங்கள் வீட்டுக்கும் ரத்னம்மா வீட்டுக்கும் எடை எழுதும் வேலை எனக்கு வந்தது. மேடம் கட்டம் போட்ட நோட்டும் பேனாவும் கொடுத்தார். அந்த வாரம் முழுவதும், சுள்ளி, பலகை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி, உள்ளது உள்ளபடியே எழுதினேன். பலகையைப் பார்த்து மேடம் கேட்டபோது, மர மில்லில் வாங்கியது என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை கம்பெனி கேட்டில் புது செக்யூரிட்டி. சைக்கிளை நிறுத்தி நாலு பலகையை இறக்கி வைத்து, ரத்னம்மாவின் கணவர் நாராயணப்பாவை மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். எத்தனையோ வருஷமாக நடக்காத சோதனை அன்றைக்கு ஏன் நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் எங்கள் வரிசைக்கு அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. குழாயடியில் அம்மாதான் முதலில் முடிச்சுப் போட்டாள்.

"வந்தாங்க, எட போட்டு எழுதிக்கிட்டுப் போனாங்க. மறு வாரமே கேட்ல புடிக்கறாங்க. பச்சப் புள்ளைக்குக்கூட வெளங்குமே."

அப்பாவுக்கு அப்போது "பர்மனன்ட்" ஆகிற பட்டியலில் பெயர் இருந்தது. அந்தப் பட்டியல் ஆறு வருஷக் காத்திருப்பு. அது கிடைத்தால்தான் நான் மேலே படிப்பேன் என்பதும், கிடைக்காவிட்டால் அரூருக்கே திரும்ப வேண்டும் என்பதும் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் எங்கள் கட்டிலுக்கடியில் அம்புக்குறி போட்ட பலகைகள் ஒரு மாதத்துக்குத் தாங்குமளவு கிடந்தன. தூக்கிப் போடலாமென்றால் எங்கே போடுவது? எவன் கண்ணிலாவது படும். அம்மா யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள்: எரித்துத் தீர்த்துவிட வேண்டியது. வெளியே நெடி போகாமலிருக்க ஜன்னலையும் பின்கதவையும் சாத்திக்கொண்டு எரிக்க வேண்டியது. தராசுக்குச் சுள்ளியை மட்டும் காட்ட வேண்டியது. ஏழு வீட்டிலும் அதுவே நடந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் புது அடுப்பும் வந்து சேர்ந்தது. பொய் சொல்லக்கூடாது, நல்ல அடுப்புதான். சீக்கிரம் பற்றும், சட்டியின் கரியும் குறைச்சல். ஆனால் அது எவ்வளவு விறகு தின்றது என்பதை நாங்கள் யாரும் பார்க்கவே இல்லை. முதல் வாரம் தினம் ஆறு கிலோ என்று எழுதியவள் இப்போது மூன்று கிலோ என்று எழுதினேன். மீதி மூன்று கிலோ கட்டிலுக்கடியிலிருந்து, மறைப்புக்குத் தொங்கவிட்ட புடவைத் திரையை விலக்கிக்கொண்டு நேராக அடுப்புக்குப் போனது. அப்பாவின் வேலையை நான்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று பெருமையாகக்கூட இருந்தது.

இது போதாதென்று எங்கள் வீடு, ரத்னம்மா வீடு இரண்டின் அடுப்படிச் சுவரிலும் ஒரு பெட்டியை மாட்டினார்கள். உள்ளே சின்ன பம்பு ஒன்று கொர்ரென்று சத்தம் போட்டபடி காற்றை இழுக்கும். வெள்ளைத் தாளில் புகை படியும். புகையை அளக்கிறது என்று மேடம் சொன்னார். நாங்கள் நம்பவில்லை. பேச்சைப் பதிவு செய்கிறது என்பதுதான் வரிசையின் முடிவு. பெட்டி ஓடும் நேரத்தில் பெண்கள் அடுப்படியில் ஜாடையில் பேசிக்கொண்டார்கள். கணவரின் வேலை போன ஆத்திரத்தில் இருந்த ரத்னம்மா ஒருபடி மேலே போய், ஈரத் துண்டை மடித்து பெட்டிக்கு முக்காடு போட்டுவிட்டார். அந்த வீட்டுத் தாள் பால் போல வெள்ளையாக வந்தது. எங்கள் வீட்டுத் தாள் தார் பூசியது போல வந்தது.

மேடம் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். மறுநாள் தனியாக வந்தார். குனிந்து அடுப்புச் சாம்பலை ஒரு தகரத் தட்டில் வாரிக் கிளறினார். வளைந்த ஆணிகள் ஏழெட்டு வந்தன. சுள்ளியில் ஆணி இருக்குமா என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்தார். கதவு உடைந்துவிட்டது, அதைப் போட்டு எரித்தோம் என்றேன். அவர் திரும்பி முன்கதவைப் பார்த்தார், பின்கதவைப் பார்த்தார். இரண்டும் நன்றாகத்தான் இருந்தன.

அம்மா அப்போது சுவரோரம் உட்கார்ந்து முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு இருமிக்கொண்டிருந்தாள். இருமல் ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ராகி மாவு பிசையும்போதுகூட நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குவாள். மேடம் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அக்கா, நான் கம்பெனி ஆளு இல்லை. மருந்து ஏத்தின பலகைய உள்ள வெச்சு எரிச்சா அந்தப் புகை நெஞ்சுக்கு ரொம்பக் கெடுதல். என்ன எரிக்கிறீங்கன்னு மட்டும் சொல்லுங்க. யார் பேரும் எழுத மாட்டேன்."

அம்மா இருமலை அடக்கிக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள். அந்த நொடியில் அவள் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்லிவிட வேண்டும் என்றும் நினைத்தேன், சொல்லிவிடக்கூடாது என்றும் நினைத்தேன்.

"எங்கூட்ல சுள்ளிதாங்க மேடம் எரியுது. வேற ஒண்ணும் கெடையாதுங்க."

அதற்குப் பின் ஒரு நாள் மேடத்தின் மேலதிகாரி வந்தார். என் நோட்டைப் புரட்டிப் பார்த்து, முத்து முத்தாக எழுதியிருக்கிறாய் என்று தலையைத் தட்டிக் கொடுத்தார். மேடம் அவரிடம் கன்னடத்தில் பேசினார். ஓசூரில் வளர்ந்த பிள்ளைக்குக் கன்னடம் புரியாது என்று இருவரும் எப்படி நினைத்தார்களோ. விறகு பாதியாகிவிட்டது, ஆனால் இந்த வீட்டில் புகை குறையவே இல்லை, சாம்பலில் ஆணி இருக்கிறது, கணக்கு உதைக்கிறது என்றார் மேடம். நிதி கொடுத்தவர்களுக்கு மாதக் கடைசிக்குள் அறிக்கை போக வேண்டும், புகைத் தாளில் மட்டும் இந்த ஒரு வீட்டை விட்டுவிடுங்கள் என்றார் அவர். ஆக, அறிக்கையிலிருந்து எங்கள் வீட்டுப் புகை போயிற்று; எங்கள் வீட்டு மூன்று கிலோ மட்டும் அதில் தங்கிவிட்டது. மேடம் எதிர்த்து ஏதோ ஆரம்பித்து, என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அவர் அதன் பிறகு வரவில்லை. அவருக்கு எவ்வளவு தெரியும், தெரிந்தும் எதனால் விட்டார், எங்களுக்காகவா அறிக்கைக்காகவா என்பதை இன்றும் நான் சந்தேகத்தோடுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

அடுத்த வருஷம் அப்பா பர்மனன்ட் ஆனார். தன் வாயடக்கத்தால்தான் அது நடந்தது என்று அம்மா உறுதியாக நம்பினாள். கேட்டில் கெடுபிடி தளர்ந்ததும் பலகைகள் மறுபடி சைக்கிளில் வர ஆரம்பித்தன, கேஸ் வரும்வரை வந்துகொண்டே இருந்தன. நான் டிப்ளமோ படிக்கும்போது கிருஷ்ணகிரியில் ஒரு அரசுப் பொருட்காட்சிக்குப் போனேன். அங்கே அதே அடுப்பை மேஜைமேல் வைத்து, "பாதி விறகு போதும்" என்று பலகை எழுதி மாட்டியிருந்தார்கள். சுற்றி நின்று மலைக்கிராமத்துப் பெண்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாதியை எழுதியவள் நான் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது, திரும்பி வந்துவிட்டேன். அன்றிலிருந்து எந்த விளம்பரத்தில் எந்த எண்ணைப் பார்த்தாலும், இதை எழுதிய பிள்ளையின் வீட்டுக் கட்டிலுக்கடியில் என்ன இருந்ததோ என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இப்போது அந்த ஏழு லைன் வீடுகள் இல்லை. லிப்ட் வைத்த அடுக்குமாடி நிற்கிறது. அந்தத் தொழிற்சாலையும் இல்லை. மூடி, இயந்திரங்களைக் கழற்றி விற்று, இடத்தைக் குடோனாக்கிவிட்டார்கள். ரத்னம்மா குடும்பம் எங்கே போனதென்று தெரியவில்லை. அப்பா இறந்து நான்கு வருஷமாகிறது. அம்மா என்னோடு இருக்கிறாள், இரண்டு படி ஏறினால் நின்றுவிடுகிறாள்.

போன மாதம் அவளைக் கிருஷ்ணகிரியில் ஒரு நெஞ்சக மருத்துவரிடம் அழைத்துப் போனேன். இள வயசுக்காரர், பொறுமையாகக் கேட்டார். படத்தைப் பார்த்துவிட்டு, இது வெறும் விறகுப் புகையால் வந்தது போலத் தெரியவில்லையே, அந்தக் காலத்தில் அடுப்பில் என்ன எரித்தீர்கள் என்றார். என்ன எரித்தீர்கள் என்று தெரிந்தால் மருந்தை மாற்ற முடியுமா என்று பார்ப்பேன் என்றும் சொன்னார். அம்மா ஒரு கணமும் தயங்காமல் தைலமரச் சுள்ளி என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஆறாம் வகுப்பு படித்தபோது மேடத்தைப் பார்த்தாளே, அதே பார்வை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டிப் பலகை, அதில் ஏற்றிய மருந்து, சாத்திய ஜன்னல், எத்தனை வருஷம் என்பது வரைக்கும். மருத்துவர் பேனாவை எடுத்தார். அம்மா கையை நீட்டி அந்தத் தாளை மறைத்தாள்.

"அத எழுதாதீங்க சார். செத்துப்போன மனுசன் பேரு கெட்டுப்போயிரும்."

அவர் என்னைப் பார்த்தார். எழுதுங்கள் சார் என்றேன். அம்மாவின் கையை நான்தான் மெல்ல எடுத்து விலக்கினேன். எடையே இல்லாமல் இருந்தது.

ஓசூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் என் பக்கம் திரும்பவே இல்லை. தண்ணீர் கொடுத்தேன், வேண்டாமென்று தலையசைத்தாள். சூளகிரி தாண்டியதும் சொன்னாள்.

"இனிமே டாக்டருகிட்ட நான் தனியாவே போய்க்கறேன்."