சகலைக்குப் போட்ட கிளட்ச்

கிளட்ச்காரருக்குத் தன் சகலையைக் கண்டால் ஆகாது. ஆகாது என்றால் சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. பார்த்தால் சிரிப்பார், "வாங்க சகல" என்பார், பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களா என்று கேட்பார். உள்ளே மட்டும் வயிறு எரியும். காரணம் ஒரு கார்.

அந்தக் காரை முதலில் கண்டுபிடித்தது அவர்தான். அவருடைய கிளட்ச் கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவரின் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. நீல நிறம், இரண்டே கதவு, டர்போ என்ஜின், பந்தயத்துக்கென்றே பிறந்த வண்டி. விற்கிற யோசனை இருக்கிறது என்று உரிமையாளர் சொன்னதும் இவருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வாரத்தில் வந்து பேசுகிறேன் என்று கிளம்பி வந்தார். வந்தவர் கமுக்கமாக இருந்திருக்க வேண்டாமா? மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது வாய் சும்மா இருக்கவில்லை. காரின் அழகு, என்ஜினின் உறுமல், அது நிற்கிற தெரு வரைக்கும் அவிழ்த்துக் கொட்டிவிட்டார். தான் வாங்கப்போவதை மட்டும் சொல்லவில்லை. வாங்கிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி எல்லோரையும் அசத்த வேண்டும் என்று நினைப்பு. எதிரே உட்கார்ந்திருந்த சகலை, மனைவியின் தங்கை கணவர், சோற்றைப் பிசைந்தபடி கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாளே போய் வாங்கிவிட்டார்.

அதோடு விட்டாரா? நேராக இவர் கடைக்கே ஓட்டிக்கொண்டு வந்து, "நீங்க சொன்னா தப்பா இருக்காதுன்னுதான் யோசிக்காம வாங்கிட்டேன் சகல" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கிளட்ச்காரர் முகத்தில் ஈயாடவில்லை. வாழ்த்துச் சொன்னார், வேறு என்ன செய்வது?

அதற்கப்புறம் மாமனார் வீட்டில் சின்ன மாப்பிள்ளை புராணம்தான். விடுமுறை நாட்களில் அவர் பந்தயத் திடலுக்குப் போய் ஓட்டுகிறாராம், யாரோ போட்ட படத்தில் கார் பறக்கிறதாம். மாமனார் கைப்பேசியை நீட்டி நீட்டிக் காட்டினார். பெரிய மாப்பிள்ளை ஆயிரம் காருக்குக் கிளட்ச் போட்டவர். அதை யாராவது படம் எடுத்தார்களா? சொந்த மனைவியே ஒருநாள், "அவருக்கு அந்த வண்டி பொருத்தமாத்தாங்க இருக்கு" என்று சொல்லிவிட்டாள். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

இப்படி இருக்கையில்தான் சகலை என்ஜினின் சக்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். சக்தி கூடினால் போதுமா? அந்தச் சக்தியைச் சக்கரத்துக்குக் கடத்துவது கிளட்ச். பழைய கிளட்ச் தாங்கவில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் என்ஜின் கத்தியது, வண்டி நகர மறுத்தது. "நல்லதா ஒண்ணு போடணும். எதுன்னு நீங்களே பாத்துப் போடுங்க சகல, எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

கிளட்ச்காரரிடம் ஒரு பழக்கம் உண்டு. எவ்வளவு பெரிய ஆள் எவ்வளவு பெரிய கார் கொண்டுவந்தாலும், பானெட்டைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்: "காலையில எந்த வழியா வேலைக்குப் போறீங்க?" எத்தனை சிக்னல், எங்கே நெரிசல், வீட்டு வாசலில் மேடா பள்ளமா என்று துருவித் துருவிக் கேட்பார். கிளட்ச் என்ஜினுக்காகப் போடுவதல்ல, மிதிக்கிற காலுக்காகப் போடுவது என்பது அவர் கட்சி. வந்தவர்கள் சிரிப்பார்கள், பிறகு ஓட்டிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள்.

சகலையிடம் அவர் கேட்கவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்த கேள்வியை விழுங்கினார்.

அந்தக் காருக்குப் பொருந்துவதாக இரண்டு இருந்தன. ஒன்றில் அழுத்தும் தட்டு வலுவானது, உராயும் பிளேட் மென்மையானது. கூடுதல் சக்தியையும் தாங்கும், தெருவிலும் பூப்போல நகரும். இன்னொன்றில் பிளேட்டைச் சுற்றி உலோக வில்லைகள். பந்தயத்துக்கு மட்டும் ஓட்டுகிறவனுக்கு அது சரி. பிடித்தால் உடும்புப் பிடி, விட்டால் ஒன்றுமில்லை, நடுவில் எதுவும் கிடையாது. சகலையின் அடுக்குமாடியில் கார் நிறுத்துமிடம் பூமிக்கு அடியில். செங்குத்தான சரிவில் ஊர்ந்து, நடுவில் வளைந்து, வெளியே வர வேண்டும். தினமும் அலுவலகத்துக்கும் அதே கார்தான். இதெல்லாம் கிளட்ச்காரருக்கு அத்துப்படி. அத்துப்படியாகத் தெரிந்துதான் உலோக வில்லையை எடுத்தார். ஒரு மாதம் இழுபறிப்பட்டால் சலித்துப்போய் விற்றுவிடுவார், அப்போது நாம் வாங்கிக்கொண்டு நல்ல கிளட்சைப் போட்டுக்கொள்ளலாம். கணக்கு அவ்வளவுதான். பொறாமை பிடித்த மனிதனுக்கு எல்லாக் கணக்கும் சரியாகத்தான் வரும்.

வேடிக்கை என்னவென்றால், வேலையில் அவருக்குக் குறை வைக்கத் தெரியாது. கியர்பாக்ஸை இறக்கினார். பிளேட் உரசுகிற ஃபிளைவீலின் முகத்தைக் கடைந்து சமன் செய்யக் கொடுத்து வாங்கினார். பிளேட்டில் எண்ணெய்க் கை படாமல் புதுத் துணியால் பிடித்து நடுவாக நிறுத்தினார். போல்ட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். கெடுதல் செய்யும்போதும் அவ்வளவு சுத்தம்.

பிறகு அவர் நினைத்தபடியே செய்திகள் வந்தன. வண்டி குதிரை மாதிரி குதிக்கிறதாம். சரிவில் பாதி வழியில் அணைந்துபோய், பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டுகிறார்களாம். மனைவி சொல்லச் சொல்ல இவருக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. "ஐயோ பாவம்" என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டார்.

ஆனால் சகலை கிளட்சைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தன் காலைத்தான் குறை சொன்னார். விடியற்காலையில் காலி மைதானத்துக்குப் போய்ப் பழகினார். முட்டிக்குப் பட்டி வாங்கிக் கட்டினார். கடைசியில் எலும்பு மருத்துவரிடமும் போய் வந்தார். அவர் அப்பாவுக்கு அந்த வயதில்தான் நடை தளர்ந்ததாம், தனக்கும் ஆரம்பித்துவிட்டது என்று பயந்துபோனார். ஒருநாள் ஃபோன் செய்து, "இனிமே என்னால முடியாது சகல. நீங்களே எடுத்துக்குங்க. வேற ஆள்கிட்ட குடுக்க மனசு வரல" என்றார்.

கிளட்ச்காரர் அன்றே மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். அக்காவும் தங்கையும் சரிவின் மேல்முனையில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சகலை காலை லேசாக இழுத்தபடி நடந்து வந்து, கீழே நின்ற காரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். கிளட்ச்காரர் ஆசை தீர ஸ்டியரிங்கைத் தடவினார். கிளப்பினார், சரிவில் ஏற்றினார். வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. மறுபடி கிளப்பினார். இன்னும் பெரிதாகக் குதித்து, வளைவில் சுவரை உரசாத குறையாக நின்றது. அவருடைய இடது காலே நடுங்கியது. கருகல் வாடை அடித்தது.

"பதறாதீங்க சகல, மெதுவா" என்றார் சகலை. கண்ணாடியை இறக்கிவிட்டு அவராகவே பேசினார்.

"உங்க கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் எந்த வழியா வேலைக்குப் போறீங்கன்னு கேப்பீங்களாம், அக்கா சொல்லுவாங்க. என்கிட்ட மட்டும் நீங்க கேக்கல. நம்ம வீட்டு வழி அவருக்குத் தெரியும், நம்மகிட்ட எதுக்குக் கேக்கணும்னு எனக்கு அதுல ஒரு பெருமை."

கிளட்ச்காரர் கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்தபடி முன்னால் இருந்த சுவரையே பார்த்தார்.

"தெரியும் சகல. தெரிஞ்சுதான் இதைப் போட்டேன். இந்த வழிக்கு ஆகாதுன்னு தெரியும்."

"ஏன்?"

"வயித்தெரிச்சல். இந்த வண்டி எனக்கு வரவேண்டியதுன்னு."

சகலை குனிந்து தன் இடது முட்டியைப் பார்த்தார். பட்டியின் மேல் கையை வைத்து அமுக்கினார். ஏதோ திட்டப்போகிறார் என்று கிளட்ச்காரர் காத்திருந்தார்.

"அப்போ என் காலுக்கு ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்ல."

"எங்கப்பா மாதிரி இல்லையே?"

"சத்தியமா இல்ல சகல. கிளட்ச்தான்."

சகலை பட்டியைக் கழற்றினார். இறங்கி, நொண்டாமல் சுற்றி வந்து, ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து கையை நீட்டினார். கிளட்ச்காரர் சாவியை உருவிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் மென்மையான பிளேட் போட்ட கிளட்ச் ஏறியது. காரை எடுத்துப்போக வந்த சகலை, கால் சரியாகிவிட்டது என்று மட்டும் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். மாமனாருக்குக்கூட வேறு எதுவும் தெரியாது. கிளட்ச்காரர் கடை வாசலில் நின்று பார்த்தார். கார் பூப்போல நகர்ந்து, தெருமுனையில் நின்று, திரும்பிப் போனது. அந்த இடத்தில் நாமாக இருந்திருந்தால் இந்நேரம் ஊரைக் கூட்டியிருப்போம் என்று அவருக்குத் தெரியும். இதுவரை அந்த ஆளின் காரைப் பார்த்துத்தான் வயிறு எரிந்தது. இப்போது அந்த ஆளின் மனசைப் பார்த்து எரிந்தது. அதை எந்தக் கொட்டகையில் தேடி வாங்குவது என்று தெரியாமல் அங்கேயே நின்றார்.