மிங் சோக்கா போட்ட அரிசி

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டிலிருந்து மாவுக்கடைக்குப் போக எட்டு வாசல்களைத் தாண்ட வேண்டும். எந்த வாசலில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தாலும் என் மூன்று வயது மகள் மெர்சி முதுகை வளைத்து, தலையைத் தாழ்த்தித்தான் கடக்கிறாள். போன வாரம் பக்கத்து வீட்டு சரோஜா அக்கா அவளை நிறுத்திவிட்டார். மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்ப்பவர். மனதில் பட்டதைக் கேட்டுவிடுவார்.

“இன்னாம்மா, கொழந்தைக்கு இடுப்பு கிடுப்பு புடிச்சிக்கிச்சா? வந்ததிலேர்ந்து பாக்குறேன், கூனிக்கினே போவுது.”

“இல்லக்கா. கம்போடியாவுல பெரியவங்க முன்னாடி அப்படித்தான் போவணும். அங்கயே பொறந்து வளந்துட்டா.”

“எனக்கா இந்த மரியாத? எம் மருமவளக் கூப்புடு, பாத்து கத்துக்கட்டும்!”

சிரித்தேன். வீட்டுக்குள் வந்ததும் வழக்கமான கவலை பிடித்துக்கொண்டது. பிள்ளையை எங்குமே ஒட்டாதவளாக வளர்க்கிறேனோ? மேசையில் மிஷன் அலுவலகத்தின் கடிதம் கிடந்தது. மீண்டும் கம்போடியாவுக்குப் போகச் சம்மதமா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிவிக்க வேண்டும். பீன்யாவில் தற்காலிக வேலையில் இருக்கும் என் கணவர் முடிவை என்னிடம் விட்டிருந்தார். “காய்ச்சல்ல பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடினது நீதான். நீயே சொல்லு.”

குடியாத்தத்தில் என் பிறந்த வீட்டில் உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடியை எடுத்து டின்னில் தனியே வைப்போம். மாதம் ஒருமுறை அது சபைக்குப் போகும், மிஷனெரிகளைத் தாங்குவதற்காக. உங்களில் பலர் இன்றும் செய்வீர்கள். நானே மிஷனெரியின் மனைவியாகி வெளிநாடு போன பிறகும் என் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. அங்கே பக்கத்து வீட்டில் மிங் சோக்கா இருந்தார். மிங் என்றால் சின்னம்மா. விகாரைக்குத் தவறாமல் போகும் விதவை. ஒருநாள் பார்த்தால் டின்னில் நான் போடாத அரிசி, பாதி நொய்யாக. கேட்டதும் மிங் கூச்சப்பட்டார். ஒவ்வொரு வேளையும் நான் எடுத்து ஒளித்துவைப்பதைப் பார்த்து, எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு என்று நினைத்திருக்கிறார். எனக்குத் தெரிந்த கெமெர் மொழியில், இது கடவுளுக்காகத் தூர தேசம் போனவர்களுக்கு என்று விளக்கினேன். மிங் வெகுநேரம் சிரித்தார். “நீயும் தூரத்திலிருந்துதானே வந்திருக்கிறாய்? அப்படியானால் நான் சரியாகத்தான் போட்டிருக்கிறேன்.” மறுநாளும் போட்டார்.

மற்ற எதுவும் அங்கே அப்படிச் சரியாக அமையவில்லை. நாங்கள் பள்ளி நடத்திய வாடகை வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். ஜெபத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பிழைப்புக்குத் தாய்லாந்து போனார்கள். கடைசியில் மெர்சிக்கு டெங்கு. டின்னை மிங்கிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். என் விசுவாசம்தான் குறைவோ என்று முழங்காலில் நிற்கும்போதே சந்தேகம் வரும். தாங்கப் போனவர்களை ஒரு பௌத்தப் பெண் அல்லவா தாங்கினார்?

வெள்ளிக்கிழமை காலை மிங்கின் குரல் செய்தி வந்தது. “டின் நிறைந்துவிட்டது. வண்டு பிடிப்பதற்குள் வந்து எடுத்துக்கொள்.” இரண்டு முறை கேட்டேன். நாங்கள் இல்லாத வீட்டுக்காக ஒருத்தி தினமும் அரிசி எடுத்துவைத்திருக்கிறாள். தேவன் எங்களைக் கைவிட்டார் என்று இதற்கு மேலும் எப்படிச் சொல்வேன்? பயம் போகவில்லை. கொசுவலை, மருந்து, ஆஸ்பத்திரி தூரம் எல்லாம் மனதில் ஓடின. ஆனாலும் உட்கார்ந்து மிஷன் அலுவலகத்துக்கு ‘போகிறோம்’ என்று எழுதினேன்.

ஞாயிறு ஆராதனையில் கைப்பிடி அரிசிப் பையை மெர்சி எடுத்துப்போனாள். இரு பக்கமும் பெரியவர்கள். நடுவே அவள் குனிந்தபடி. “ஐயோ, பாரம் தாங்கல போல” என்று முன்வரிசை அம்மா ஒருவர் எழுந்தார். நிமிர்ந்து போ என்று சொல்ல வந்த வாயை மூடிக்கொண்டேன். பையை இரு கைகளாலும் வைத்துவிட்டு, அப்படியே குனிந்து என்னிடம் வந்தாள். அவள் உள்ளங்கையில் என் குடியாத்தத்துக் கைப்பிடியின் அரிசித் தூசு ஒட்டியிருந்தது. முதுகு இன்னும் கம்போடியாவில்தான் இருந்தது.